எந்தக் கதவைத் தட்டுவது? பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்காகச் சட்ட ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு கொடுக்க வேண்டிய மாதம் நெருங்கினால், பக்கத்து மாவட்டச் சட்டக் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வரத் தொடங்குவார்கள். பட்டாசு ஆலை வெடி விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு உதவ வேண்டும், அதையே ஆய்வாக எழுத வேண்டும் என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த வழியாக என்று கேட்டால் பெரும்பாலானோரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: “மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு போடணும் சார்.” வேறு சிலருக்கு வீட்டிலேயே முடிவு செய்து அனுப்பியிருப்பார்கள். சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு உதவுகிற தலைப்பாக எடு என்று அப்பா சொல்லியிருப்பார். சென்னையில் கம்பெனி வேலைக்குக் காட்ட முடிகிற தலைப்பாக எடு என்று மாமா சொல்லியிருப்பார். அந்தப் பாட்டிக்கு எது உதவும், எனக்கு எது வரும் என்று யோசித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. அந்த யோசனைக்கு உதவத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆய்வுக்கு ஏன் இந்த மண் என்று விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. நடுவில் நடந்த சிறு விபத்துகள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தோடு முடிந்துவிட்டன. வெடியாபீசு என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகும் வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரே நாளில் இருவரும் போய்விட்டால், மிஞ்சுவது ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோதான். அவர் கையில் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்.

வழியைத் தேர்வதற்கு முன் அந்த வீட்டைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இறந்தது மகனா, மகளா? பிள்ளைகளின் பெற்றோரில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? விபத்து நடந்த தேதி என்ன? வேலை பார்த்த இடத்தின் உரிமம் யார் பெயரில் இருந்தது, உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது யார்? இதுவரை கைக்கு வந்த பணம் எவ்வளவு, அதை வாங்கியது யார்? இந்த ஐந்தும் தெரியாமல் நூலகத்துக்குள் நுழைந்தால், படிப்பதெல்லாம் வேறு யாருடைய வழக்காகவோதான் இருக்கும்.

இழப்பீட்டு வழி

எல்லாருக்கும் தெரிந்த வழி இது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின்போது இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கினால் வருவதே இழப்பீடு. 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதில் இறந்தவருக்குரிய எண் 207.98. உச்சவரம்புச் சம்பளம் என்றால் 15,59,850 ரூபாய் வரும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

இந்தக் கணக்கை எந்த மாணவரும் போட்டுவிடுவார். ஆய்வுக்கு இடம் இருப்பது வேறோர் இடத்தில். சிவகாசி அரசு மருத்துவமனையில், உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் நிற்கும்போது ஆலைத் தரப்பிலிருந்து ஒரு காசோலை வரும். ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். அதோடு முடிந்தது என்றே அந்த வீடு நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் மரண இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்கும் முன்பணத்தைத் தவிர, நேரடியாகக் கையில் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் ஏறாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த காகிதம் செல்லாது என்கிறது 17ஆம் பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளையும் படித்துவிட்டு ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். முடிந்துபோனதாக நினைத்த எத்தனை வழக்குகள் முடியவில்லை என்பது தெரியவரும்.

அதே 8ஆம் பிரிவில் இன்னொரு செய்தி இருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். இழப்பீடு வாரிசுக் கணக்கில் போவதில்லை. இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர் யார் என்ற கணக்கில் போகிறது. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. இது பாட்டியின் நிலையையே மாற்றக்கூடிய வேறுபாடு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் இறந்தால் தாய் முதல் வகுப்பு வாரிசு. மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அவருக்கும் சம பங்கு உண்டு. மகள் இறந்தால் அவள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும்தான் பங்கு, தாய்க்கு அப்போது இடமில்லை. ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தில், சார்ந்தோர் பட்டியலின் முதல் வரிசையிலேயே விதவைத் தாய் இருக்கிறார். இறந்தது மகனா மகளா என்ற பேதம் அங்கே கிடையாது. மகளைப் பறிகொடுத்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த விதவை அம்மாச்சிக்கு வாரிசுரிமைச் சட்டம் சாத்திய கதவை இழப்பீட்டுச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அது திறந்திருப்பதை அவரிடம் போய்ச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இந்த வழியில் போகிறவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. முதலாவது, அந்த ஆலை இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மாத உதவியாக வரும் சார்ந்தோர் பயனைத்தான் கேட்க வேண்டும், 1923 சட்டத்தில் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இரண்டாவது, 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்கு எது பொருந்தும், பின் நடந்ததற்கு எது பொருந்தும், சார்ந்தோர் பட்டியலில் தாத்தா பாட்டியின் இடம் எப்படி மாறியிருக்கிறது என்று இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதினாலே உருப்படியான ஓர் ஆய்வு கிடைத்துவிடும். வக்கீல்களே அதைத் தேடி வந்து படிப்பார்கள்.

காப்பாளர் வழி

பணம் வந்துவிட்டது என்று வையுங்கள். பிள்ளையின் பங்கு வங்கியில் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்காக அதில் கொஞ்சம் எடுக்கப் போகிற அப்பத்தாவிடம், “கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா” என்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய். தாத்தா பாட்டி பெயர் அதில் கிடையாது. பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்திருந்தாலும் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் ஆக வேண்டும். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர்தான் நீதிமன்றத்தை முடிவு செய்யும். இந்த மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

இது பரபரப்பில்லாத வழி. ஆனால் ஒரு வீட்டின் அன்றாடம் இதனால்தான் நகரும். இதில் ஆய்வு செய்கிறவர் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி வயது. பாட்டிக்கு 68, பிள்ளைக்கு ஐந்து என்றால், பிள்ளை பதினெட்டைத் தொடுவதற்குள் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிடும். 1890 சட்டத்தின் 15ஆம் பிரிவு கூட்டுக் காப்பாளர்களைப் பற்றிப் பேசுகிறது. பாட்டியோடு சித்தியையோ பெரியப்பாவையோ சேர்த்து மனுப் போடுவதில் என்ன நன்மை, என்ன ஆபத்து? பணத்தின் மேல் கண் வைத்திருக்கும் உறவுக்காரரைச் சேர்த்துவிடாமல் எப்படிக் காப்பது? இவை சிந்திக்க வேண்டிய கேள்விகள்.

பேசாமல் தத்து எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி, மகனோ மகன் வழிப் பேரனோ உயிரோடு இருப்பவர் ஆண்பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது. அதனால் மகன் வழிப் பேரனை அப்பத்தாவோ தாத்தாவோ தத்து எடுப்பது நடக்காது. இதைப் படிக்காமல் தத்துப் பத்திரம் எழுதி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

யாரிடம் பிள்ளை என்ற வழக்கு

தாய் இறந்து, தகப்பன் மறுமணம் செய்துகொண்டு போய், பிள்ளை அம்மாச்சியிடம் வளர்கிறது. இழப்பீடு வருகிறது என்று தெரிந்ததும் தகப்பன் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கிறார். வருகிற தகப்பன் எல்லாரும் பணத்துக்காக வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். வழக்கு என்று வந்தால் மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். 2008இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், தாய் வரதட்சிணைக் கொடுமையால் இறந்ததாகத் தகப்பன் மேல் வழக்கு இருந்த நிலையில், உச்ச நீதிமன்றம் பிள்ளையைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் விட்டது. 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாய்வழி உறவினர் வளர்த்த பிள்ளையைத் தகப்பனிடம் கொடுக்கச் சொன்னது. 2022 ஜூனில், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த அகமதாபாத் சிறுவனைச் சித்தியிடம் விட்ட குஜராத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, தகப்பன்வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. அவர்களின் வயதும் வருமானமும் மட்டும் தடையாகிவிடாது என்றது.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: பிள்ளையின் நலம். முடிவுகள் வேறுபட்டன, ஏனென்றால் உண்மைகள் வேறுபட்டன. தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு, தாத்தா பாட்டிக்கே உரிமை என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். கைப்பேசியில் செயற்கை அறிவிடம் கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல் அது எழுதித் தரும். முழுத் தீர்ப்பைப் படிக்காமல் ஒரு வழக்கின் பெயரைக்கூட எழுதாதீர்கள்.

நலத்திட்ட வழி

பலர் இதைச் சட்ட ஆய்வாகவே மதிப்பதில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமப்புறமாக இருந்தால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும், அதற்காக மாவட்டத்தில் 5 கோடி ரூபாயில் ஒரு நிதியம் அமைக்கப்படும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். இவற்றோடு பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது.

இத்தனை இருந்தும் வீடுகளுக்குப் போய்ச் சேராததற்கு ஒரு காரணம் பயம். இந்த உதவிகளுக்காகக் குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையை நிறுத்தினால் காப்பகத்துக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்று பாட்டிகள் நடுங்குகிறார்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே சொல்கிறது. இதை அவர் புரிந்துகொள்கிற பேச்சில் எடுத்துச் சொல்வதும் சட்டப் பணிதான். தகப்பன் உயிரோடு இருந்தும் திரும்பிப் பார்க்காத வீடாக இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் பிள்ளைக்காக ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொதுநல வழக்கு: எல்லாரும் போக விரும்பும் வழி

இனி, மாணவர்கள் முதலில் கேட்கும் வழிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பொதுநல வழக்கை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த மண்ணுக்கு அது செய்த நன்மையை மறுத்தால் அது நன்றி கொன்ற பேச்சாகிவிடும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 465/1986 என்பது அந்த மனுவின் எண். 1990 அக்டோபர் 31 அன்று, ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. இன்று சிவகாசி வட்டாரத்தில் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள் என்றால் அதில் அந்த வழக்குக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் தேதிகளை மறுபடி பாருங்கள். மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்து வருஷம். மனுப் போட்டபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தபோது பதினெட்டு. ஒரு தலைமுறைக்கு நல்லது செய்த வழக்கு, அந்த ஒரு பிள்ளைக்கு எதுவும் செய்திருக்காது. பொதுநல வழக்கின் இயல்பே அதுதான். அதை ஒரு பாட்டியின் கையில் மருந்துபோல் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, காலக்கெடு. 1923 சட்டப்படி இழப்பீட்டு மனுவை இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அது ஆணையரின் முடிவு. பொதுநல வழக்கு நடக்கிற காலத்தில் இந்தக் கடிகாரம் நிற்காது. என் கண் முன்னால் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அப்பத்தா. மகனும் மருமகளும் ஒரே விபத்தில் போனவர்கள். ஆர்வமுள்ள ஒரு மாணவர் குழு அவரிடம் கையெழுத்து வாங்கிப் பொதுநல மனுவில் அவர் வீட்டுக் கதையையும் சேர்த்தது. செய்தித்தாளில் படம் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் உரிய அதிகாரியை அணுகட்டும் என்று சொல்லி மனு முடித்துவைக்கப்பட்டது. அந்த உரிய அதிகாரி இழப்பீட்டு ஆணையர். அவரிடம் போனபோது இரண்டு வருஷம் கடந்திருந்தது. தாமத மன்னிப்பு மனுவில் தொடங்கி, அந்த வீட்டின் வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று. அதற்குள் மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். “அந்தத் தம்பிக நல்ல பிள்ளைக ஐயா, பேப்பர்லகூட போட்டாங்க” என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நல்ல பிள்ளைகள்தான். வழியைத் தேர்ந்ததில்தான் பிழை.

மூன்றாவது, சாட்சி. இறந்தவர் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாரா, வாரக் கூலி எவ்வளவு, உள்குத்தகைக்காரர் யார் என்பதெல்லாம் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியவை. ரிட் மனுவில் பொதுவாகச் சாட்சி விசாரணை நடக்காது, உண்மையில் தகராறு வந்தால் கீழே போகச் சொல்லிவிடுவார்கள். அதே கேள்வியை ஆணையர் முன் எழுப்பினால், குத்தகைக்காரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்கும் 12ஆம் பிரிவு கையில் இருக்கும். உரிம நகல், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, தொழிலகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வறிக்கை என்று ஆவணங்களைத் திரட்டினால், அங்கே அவற்றுக்கு மதிப்பு உண்டு.

நான்காவது, யாருக்காகப் பேசுகிறோம் என்பது. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்கள் மூச்சுவிடும் காற்றுக்காக, அர்ஜுன் கோபால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2018 அக்டோபர் 23 அன்று சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிகளுக்கும் தடை வந்தது. அந்தக் குழந்தைகளின் மூச்சு முக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வழக்கில் டெல்லிக் குழந்தைகளுக்கு வக்கீல் இருந்தார்கள், ஆலை முதலாளிகளுக்கும் இருந்தார்கள். வேலை நின்ற வீட்டில் பாட்டியின் மடியில் இருந்த குழந்தைக்காகத் தனியாக யார் நின்றது? பொது என்று ஒரு பெரிய சொல்லை எடுக்கும்போது, அதற்குள் யார் விட்டுப்போகிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது.

அச்சங்குளத்தைக் காட்டி என்னோடு வாதிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றது. தானாக எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2021 அக்டோபர் 7 அன்று. அந்த உத்தரவு பெரியது. ஆனால் அப்படி ஓர் உத்தரவின் பணம் ஒரு வீட்டின் வாசலுக்கு வர வேண்டுமென்றால், அந்த வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பிள்ளைக்குக் காப்பாளர் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். உச்சியில் எழுதப்படும் உத்தரவும் கடைசியில் தாலுகா அலுவலக வாசலுக்குத்தான் வந்து நிற்கிறது.

அப்படியானால் பொதுநல வழக்குக்கு நேரம் எப்போது? முப்பது வீடுகளின் கோப்புகளை நீங்களே நடத்தி, முப்பதிலும் ஒரே ஓட்டையைக் கண்ட பிறகு. ஆணையரிடம் கட்டாமல் கையில் கொடுத்து முடிக்கும் வழக்கம் மாவட்டம் முழுக்க இருக்கிறது என்று கோப்புகளை வைத்துக் காட்ட முடிந்தால், அப்போது உயர் நீதிமன்றப் படியேறுங்கள். நானே வந்து பின்னால் நிற்பேன்.

யாருக்கு எது வரும்

எண்களோடு பழகவும், எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேரம் பேசவும் வருகிறவர்கள் இழப்பீட்டு வழியை எடுக்கலாம். வரிசையாகக் காகிதம் அடுக்குவதில் சலிப்படையாதவர்கள் காப்பாளர் வழியை எடுக்கலாம். பிள்ளைகளிடமும் சண்டையிடும் பெரியவர்களிடமும் குரல் உயர்த்தாமல் பேசக்கூடியவர்கள், யாரிடம் பிள்ளை என்ற வழக்குகளைப் படிக்கலாம். வெயிலில் அலையவும், ஒரே அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவும் மனம் உள்ளவர்களுக்கு நலத்திட்ட வழி. நீதிமன்றத்தில் எழுந்து பேசும் ஆசை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வந்தால், ஒரு வருஷத்தில் கசந்துவிடும். இங்கே பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவில் ஜட்ஜ் பரீட்சைக்குப் படிப்பது தப்பில்லை. ஆனால் ஒரு பாட்டியின் காப்பாளர் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி உத்தரவு வரை பின்தொடர்ந்த பிள்ளைக்கு, இளவர் சட்டமும் வாரிசுரிமையும் சாட்சியச் சட்டமும் மனப்பாடம் இல்லாமலே மனதில் நிற்கும். நாளைக்கு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே நிற்கிற முதியவளின் தயக்கம் புரியும். உங்கள் அவசரத்தைப் பிள்ளையின் தலைப்பில் ஏற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், தொழில் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி தருகிறது. நம் பாட்டி இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வருகிறார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேருங்கள். 15100 என்ற எண்ணை நீங்கள் போகும் ஊர்ச் சுவரில் எழுதி வையுங்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும். அதன் ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டு, அதன் கோப்பை முடிக்கும் வரை வேறு வீட்டுக்குப் போகாதீர்கள்.

சட்டம் படிக்கிற வயதில் எல்லாம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று தோன்றும். கூடப் படித்தவன் சென்னையில் சம்பளம் வாங்குவான், இன்னொருத்தி தொலைக்காட்சி விவாதத்தில் பேசுவாள். நீங்கள் சாத்தூரில் ஒரு இறப்புச் சான்றிதழில் தவறாக அச்சான தகப்பன் பெயரைத் திருத்த மூன்றாவது முறையாக நிற்பீர்கள். அந்த நிற்றலில்தான் வக்கீல் உருவாகிறார். திறமை என்பது பிறவியில் வந்த நாவன்மை மட்டுமில்லை. உங்களுக்குச் சலிக்காத வேலை எதுவோ, அதுதான் உங்கள் திறமை இருக்கும் இடம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். கண்டுபிடித்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கும், அந்த வருஷத்து மோகத்துக்கும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பொறுமையை நம்பி வளர வேண்டிய பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பதினெட்டு வயது வரை கூடவே வருகிற ஒரு வக்கீல். அந்த வக்கீலாக ஆக முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு தலைப்பை எழுதுங்கள்.